ஒரே நாளில் போய்த் திரும்புவது யார்? பிலிமோரா–வகாய் சிறு ரயிலின் வரலாறு

தெற்குக் குஜராத்தின் நவ்சாரி மாவட்டத்தில், அம்பிகா ஆறு கடலை நெருங்கும் இடத்தில் அமைந்த சிறு நகரம் பிலிமோரா. மும்பை–அகமதாபாத் பாதையில் பயணம் செய்வோரில் பலர் இவ்வூரின் பெயர்ப் பலகையைக் கவனிக்காமலே கடந்து போயிருப்பர். ஆயினும் இருப்புப்பாதை வரலாற்றில் நாட்டமுடையோருக்கு இது அரிய ஊர். இங்கு 1676 மி.மீ. அகலம் கொண்ட அகல ரயில் பாதை உண்டு. அதன் அருகிலேயே 762 மி.மீ. அகலமே உள்ள நேரோ கேஜ் பாதையும் உண்டு. கட்டப்பட்டுவரும் மும்பை–அகமதாபாத் புல்லட் ரயிலின் பன்னிரண்டு நிலையங்களுள் ஒன்றும் இவ்வூருக்குரியது. அதன் தண்டவாள அகலம் 1435 மி.மீ. மூன்று வேறு காலங்களில், மூன்று வேறு தேவைகளுக்காக எடுக்கப்பட்ட முடிவுகள் ஒரே ஊரில் சந்திக்கின்றன.

இம்மூன்றில் மிகக் குறுகியதே ரயில் ஆர்வலர்களை இவ்வூருக்கு வரவழைக்கிறது. பிலிமோராவிலிருந்து கிழக்கே டாங் மாவட்டத்தின் வாயிலான வகாய் வரை 63 கி.மீ. தொலைவு. 2021 செப்டம்பரில் இவ்வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியபோது அறிவிக்கப்பட்ட அட்டவணையின்படி, காலை 10.20-க்குப் பிலிமோராவிலிருந்து புறப்பட்டுப் பிற்பகல் 1.20-க்கு வகாய் சேரும். அங்கிருந்து 2.30-க்குக் கிளம்பி மாலை 5.35-க்குத் திரும்பிவிடும். மும்பையிலிருந்தோ சூரத்திலிருந்தோ வரும் ஆர்வலருக்கு இதைவிடப் பொருத்தமான அட்டவணை அமையாது. காலை உணவை முடித்து ஏறலாம், இருட்டுவதற்குள் திரும்பலாம். புல்லட் ரயில் தனக்குத் திட்டமிடப்பட்ட மணிக்கு 320 கி.மீ. வேகத்தில் ஓடினால் ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடங்களில் கடக்கக்கூடிய தொலைவை இவ்வண்டி மூன்று மணி நேரத்தில் கடக்கிறது. ஆர்வலர் தேடி வருவதும் அந்த மூன்று மணி நேரத்தைத்தான்.

இந்த அட்டவணையில் ஒரு வரலாறு பொதிந்துள்ளது. அதைப் புரிந்துகொள்ளப் பிலிமோராவை விட்டு, சற்று வடக்கே, வடோதராவை அடுத்துள்ள டபோய் நகருக்குச் செல்ல வேண்டும்.

இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று மும்பையின் போரிபந்தரிலிருந்து தாணே வரை ஓடியது. பிரிட்டனில் வழங்கிய 1435 மி.மீ. அகலம் இந்நாட்டுக்குப் போதாது, இன்னும் அகலமான பாதை வேண்டும் என்று டல்ஹௌசி பிரபு கருதினார். ஆறடி அகலம் வேண்டும் என்பது அவர் விருப்பம். இறுதியில் ஐந்தரை அடி என முடிவாயிற்று. அகலம் கூடினால் வண்டியின் கொள்ளளவு கூடும், செலவும் கூடும். மண் அணையும் பாலமும் வளைவும் அகலத்துக்கேற்பப் பெரிதாக வேண்டும். பெரிய துறைமுகங்களையும் படைத்தளங்களையும் இணைக்கும் பாதைகளுக்கு அச்செலவு தாங்கும். பருத்தி விளையும் ஒரு வட்டத்தை அருகிலுள்ள முதன்மைப் பாதையோடு இணைக்க அது தாங்காது.

இந்தச் சிக்கலுக்கு முதலில் விடை தேடியவர்களுள் ஒருவர் பரோடா மன்னர் காண்டேராவ் கெய்க்வாட். 1860-களின் தொடக்கத்தில் பரோடா வழியாக பம்பாய், பரோடா, மத்திய இந்திய ரயில்வே கம்பெனியின் அகலப் பாதை அமைந்தது. அதே காலத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு, லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி கிடைக்காமல் போயிற்று. குஜராத்தின் பருத்திக்கு விலை ஏறியது. பருத்தி நாட்டின் நடுவே இருந்த டபோயை, முதன்மைப் பாதையில் இருந்த மியாகாமோடு இணைக்க 33 கி.மீ. நீளத்தில் இரண்டரை அடி அகலப் பாதை 1862-இல் போடப்பட்டது. இந்தியத் துணைக்கண்டத்தின் முதல் குறுகிய ரயில் பாதை அதுவே.

அப்பாதையில் முதலில் ஓடியது நீராவி எஞ்சின் அன்று. தண்டவாளத்தின் மேல் நின்ற பெட்டிகளை மாடுகள் இழுத்தன. மறு ஆண்டே ஸ்காட்லாந்தின் நீல்சன் நிறுவனம் செய்த எஞ்சின்கள் வந்தன. ஆனால் கெஜத்துக்குப் பதின்மூன்று பவுண்டு மட்டுமே எடையுள்ள மெல்லிய தண்டவாளங்கள் அவற்றின் பாரத்தைத் தாங்கவில்லை. ஆகவே மாடுகளே மீண்டும் பூட்டப்பட்டன. கனமான தண்டவாளங்கள் பதிக்கப்பட்ட பிறகுதான் எஞ்சின்கள் முறையாக ஓடத் தொடங்கின. வேல்ஸ் நாட்டில் உலகப் புகழ்பெற்ற பெஸ்டினியாக் குறும்பாதைக்கு நீராவி எஞ்சின் வந்ததும் 1863-இல்தான். ஐரோப்பாவில் முழுமையடைந்த தொழில்நுட்பம் பின்னர் இங்கு இறங்கியது என்ற பொதுவான எண்ணம் இவ்விடத்தில் பொருந்தாது. இரண்டு இடங்களிலும் ஒரே காலத்தில் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

சிக்கனத்தின் தேவையை இந்திய அரசும் சில ஆண்டுகளில் உணர்ந்தது. 1870-இல் மேயோ பிரபுவின் ஆட்சி இரண்டாம் நிலைப் பாதைகளுக்கு ஒரு மீட்டர் அகலத்தைத் தேர்ந்தது. அடிக்கணக்கில் அளந்த ஆட்சி மீட்டரைத் தேர்ந்ததற்குக் காரணம், இந்தியாவில் மெட்ரிக் அளவைகள் விரைவில் நடைமுறைக்கு வரும் என்ற எதிர்பார்ப்பு. அளவைகள் அப்போது மாறவில்லை. அவற்றுக்கான சட்டம் சுதந்திர இந்தியாவில் 1956-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் ரயில் பாதை மட்டும் மீட்டரில் கிடந்தது. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் மீட்டர் கேஜ் வண்டிகளில் பயணம் செய்து வளர்ந்த தலைமுறை, நிறைவேறாத அந்த எதிர்பார்ப்பின் மேல்தான் பயணம் செய்தது.

டபோயில் தொடங்கிய கெய்க்வாட் பாதைகள் பல்கிப் பெருகின. பரோடா அரசின் நிலப்பரப்பு ஒரே துண்டாக இருக்கவில்லை. பிரிட்டிஷ் மாவட்டங்களும் பிற சமஸ்தானங்களும் இடையிட, பரோடா, கடி, நவ்சாரி, அம்ரேலி எனச் சிதறிக் கிடந்தது. அவ்வரசுக்கு ரயில் என்பது வணிக வசதியோடு ஆட்சிக் கருவியும் ஆயிற்று. 1875-இல் பட்டமேறிய மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட், கட்டாயத் தொடக்கக் கல்வியையும் பொது நூலகங்களையும் ஊர்தோறும் கொண்டுசென்றவர் என்று நினைவுகூரப்படுகிறார். ரயிலையும் அவ்வாறே ஊர்தோறும் கொண்டுசென்றார். காலப்போக்கில் டபோய் பல திசைகளிலிருந்தும் குறுகிய பாதைகள் வந்து கூடும் பெரும் சந்திப்பாயிற்று.

பிலிமோராப் பாதை இந்த வரிசையில் பிந்தியது. 1910-களில் தொடங்கிக் கட்டம் கட்டமாகக் கிழக்கே நீண்டது. பிலிமோரா பரோடா அரசின் நவ்சாரிப் பகுதியில் இருந்தது. பாதை நோக்கிச் சென்ற திசையில் இருந்தவை வான்ஸ்டா சமஸ்தானமும் டாங் காடுகளும். டபோய்ப் பாதையை ஈர்த்தது பருத்தி. பிலிமோராப் பாதையை ஈர்த்தது தேக்கு.

டாங் காட்டுத் தேக்கின் மேல் வெளியாரின் கண் பட்டது அதற்கும் வெகு காலம் முன்பே. 1842-இல் பிரிட்டிஷார் அங்கிருந்த பீல் தலைவர்களிடமிருந்து காடுகளைக் குத்தகைக்கு எடுத்தனர். கப்பல் கட்டுவதற்கும் கட்டடங்களுக்கும் தேக்கு தேவைப்பட்டது. தலைவர்களுக்கு ஆண்டுத் தொகை. மரம் வெட்டும் உரிமை ஆட்சிக்கு. பின்னர் காடுகள் காப்புக்காடுகளாக அறிவிக்கப்பட, அங்கேயே வாழ்ந்தோரின் வேளாண்மையும் நடமாட்டமும் கட்டுக்குள் வந்தன. அவ்வுடன்படிக்கையின் எச்சம் இன்றும் உள்ளது. ஆண்டுதோறும் ஹோலிப் பண்டிகையை ஒட்டி ஆஹ்வா நகரில் நடைபெறும் டாங் தர்பாரில், பழைய பீல் அரசர்களின் வழித்தோன்றல்கள் ஐவருக்கு அரசு உதவித்தொகை வழங்கப்படுகிறது.

ஆகவே இந்தச் சிறு ரயில் காட்டு மக்களுக்காகப் போடப்பட்டதன்று. காட்டிலிருந்து எடுக்கப்பட்டதைச் சமவெளிக்கு இறக்குவதற்காகப் போடப்பட்டது. டாங் மாவட்டத்தின் தலைநகரான ஆஹ்வா வரை அது ஒருபோதும் செல்லவில்லை. சுமார் 30 கி.மீ. முன்னதாக வகாயிலேயே நின்றுவிட்டது. மரம் ஏற்றுவதற்கு வகாய் போதுமானதாக இருந்தது.

ஆனால் ஒரு பாதை பிறந்த காரணமும் அது நிலைத்த காரணமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. மரம் லாரிக்கு மாறிய பிறகும் வண்டி ஓடியது. அதை ஓட வைத்தவர்கள் பயணிகள். இன்று ஆர்வலர் ஜன்னலோரம் அமர்ந்து காணும் காட்சிகள் யாவும் அந்தப் பயணிகளின் உலகமே.

வண்டி பிலிமோராவை விட்டதும் கண்தேவி வட்டாரத்தின் சப்போட்டா, மாந்தோப்புகளும் கரும்பு வயல்களும் வருகின்றன. அடுத்து சிக்லி ரோடு. ஊர்ப் பெயருடன் ‘ரோடு’ ஒட்டிய நிலையம் என்றால், அவ்வூர் நிலையத்தில் இல்லை, அங்கிருந்து சாலை வழியே செல்ல வேண்டும் என்பது பொருள். கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கியோர் இதனை நன்கறிவர். ரான்குவா, தோலிகுவா என்னும் இரு பெயர்களிலும் கிணறு இருக்கிறது. அடுத்து வரும் அனாவல், மொரார்ஜி தேசாய் பிறந்த அனாவில் சமூகத்தின் பெயரோடு தொடர்புடைய ஊர்.

பின்னர் உனாய்–வான்ஸ்டா ரோடு. உனாய் வெந்நீர் ஊற்றுக்குப் பெயர் பெற்றது. வனவாசத்தில் இராமன் அம்பெய்து அவ்வூற்றை உண்டாக்கினான் என்றும், அதில் நீராடிய சீதை ‘நான் குளித்தேன்’ என்னும் பொருளில் சொன்ன சொற்களே உனாய் ஆயின என்றும் மக்கள் சொல்வர். மொழியியல் இத்தகைய விளக்கங்களை ஏற்பதில்லை. ஆனால் ஓர் ஊர்ப் பெயரைத் தம் கதையாக்கிக்கொள்ள மக்கள் எவ்வளவு முயன்றுள்ளனர் என்பதற்கு இவை சான்று. அதற்கப்பால் கேவ்டி ரோடு, காலா ஆம்ப், டுங்கர்டா. காலா ஆம்ப் என்பதில் கறுப்பும் மாவும் ஒலிக்கின்றன. டுங்கர் என்றால் குன்று. கிணற்றிலிருந்து குன்று வரை, நிலம் மாறுவதைப் பெயர்களே அறிவித்துவிடுகின்றன.

வழியில் பல லெவல் கிராசிங்குகளில் தனிக் காவலர் இல்லை. வண்டி நிற்க, அதில் வரும் ஊழியர் இறங்கிக் கேட்டை மூடுவார். வண்டி மெல்லக் கடந்து மீண்டும் நிற்கும். கேட்டைத் திறந்துவிட்டு அவர் வந்து ஏறிக்கொள்வார். ஆர்வலரின் கேமராவுக்கு இது விருந்து. ரயில்வேயின் கணக்கேட்டில் இதுவே தாமதம், செலவு, நட்டம்.

பெட்டிக்குள் கேட்கும் பேச்சும் நிலத்தைப் போலவே மாறுகிறது. கடற்கரைப் பக்கத்துக் குஜராத்தி, சிக்லி–வான்ஸ்டா வட்டாரத்தில் தோடியா, கிழக்கே செல்லச் செல்லக் குக்ணா, டாங்கி. இவை குஜராத்தியின் கிளைகளா, மராத்தியின் கிளைகளா என்பது ஒரு காலத்தில் பெரும் அரசியல் வினா. பம்பாய் மாநிலம் பிரிக்கப்பட்டபோது டாங் யாருக்கு என்ற வழக்கில் இரு தரப்பும் அம்மக்களின் பேச்சையே சான்றாகக் காட்டின. 1960 மே 1 அன்று டாங் குஜராத்துக்குச் சென்றது. மொழி எல்லையை வரைபடத்தில் கோடாக இட்டுவிடலாம். பேச்சில் அது கோடாக இல்லை. ஒரு பெட்டியில் மூன்று மணி நேரம் அமர்ந்திருந்தால் இன்ன நிலையத்தில் மாறியது என்று சுட்ட முடியாதபடி அது மெல்ல மெல்ல மாறுகிறது.

சுதந்திரத்துக்குப் பின் கெய்க்வாட் ரயில்வே 1949-இல் பம்பாய், பரோடா, மத்திய இந்திய ரயில்வேயில் இணைந்தது; 1951-இல் மேற்கு ரயில்வே உருவானது. 1992-இல் இந்தியப் பாதைகளை ஒரே அகலத்துக்கு மாற்றும் பெருந்திட்டம் தொடங்கியது. இதன் பயனை மறுப்பதற்கில்லை. அகலம் மாறும் இடத்தில் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டிய வீண் உழைப்பு ஒழிந்தது. டபோயே அதற்கு எடுத்துக்காட்டு. அங்கிருந்து சாந்தோத் சென்ற குறுகிய பாதை அகலமாக்கப்பட்டுக் கேவடியா வரை நீட்டப்பட்டது. 2021 ஜனவரி 17 அன்று கேவடியாவுக்கு எட்டு வண்டிகள் தொடங்கப்பட்டன; அவற்றுள் ஒன்று சென்னை சென்ட்ரலிலிருந்து செல்வது. மாடுகள் பெட்டி இழுத்த ஊரின் வழியாக இன்று சென்னை வண்டி போகிறது.

மாற்றப்படாத பாதைகளின் நிலை வேறு. 2018-இல் ரயில்வே அமைச்சகம் குஜராத்தின் ஐந்து குறுகிய பாதைகளை, மொத்தம் 204 கி.மீ., அகலமாக்காமல் மரபுச் சின்னங்களாகக் காப்பது என முடிவு செய்தது. பிலிமோரா–வகாய் அவற்றுள் மிக நீளமானது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நாடெங்கும் ரயில்கள் நின்றன. அவ்வாண்டு டிசம்பரில், லாபமற்ற கிளைப் பாதைகளை நிரந்தரமாக மூடும் பட்டியலில் இப்பாதையின் பெயர் வந்தது. மரபுச் சின்னம் என்ற பெயரும் லாபமற்றது என்ற பெயரும் இரண்டே ஆண்டு இடைவெளியில் ஒரே பாதைக்குக் கிடைத்தன.

அதை மூடவிடாமல் எதிர்த்தவர்கள் நவ்சாரி, டாங் மாவட்டப் பழங்குடி மக்களும் அவர்களின் பிரதிநிதிகளும். அவர்கள் பழைமையின் அழகைப் பேசவில்லை. பேருந்தைவிட மிகக் குறைந்த கட்டணத்தில், சாலை எட்டாத ஊர்களிலும் நின்று, விளைபொருள் மூட்டையோடு ஏற்றிக்கொள்ளும் வண்டி இது என்றனர். அந்த எதிர்ப்பின் பின் மூடும் முடிவு நிறுத்தப்பட்டது. 2021 செப்டம்பர் 4 அன்று வண்டி மீண்டும் ஓடியது. இம்முறை கண்ணாடி ஜன்னல்கள் கொண்ட குளிர்பதன விஸ்டாடோம் பெட்டி ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தது.

இப்போது அந்த அட்டவணையை மறுமுறை நோக்கலாம். பிலிமோரா 10.20, வகாய் 1.20, வகாய் 2.30, பிலிமோரா 5.35. சமவெளியிலிருந்து மலைக்குச் செல்பவர் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். மலையிலிருந்து சமவெளிக்கு வருபவரால் முடியாது. வகாயில் வாழும் பெண் ஒருவர் பிலிமோராச் சந்தைக்கோ மருத்துவமனைக்கோ இவ்வண்டியில் வந்தால், சந்தை கலையும் நேரத்தில் வந்து சேர்வார். அன்றிரவு அங்கேயே தங்கி, மறுநாள் முற்பகல் வண்டியில்தான் வீடு திரும்ப வேண்டும். முன்பு நாளுக்கு இருமுறை வண்டி சென்று திரும்பிய காலத்தில் அவருக்கு வேறு வழி இருந்தது. மீண்டும் தொடங்கியபோது அறிவிக்கப்பட்டது ஒரு முறை மட்டுமே.

இது யாருடைய தீய எண்ணத்தாலும் நேர்ந்ததன்று. சுற்றுலாவுக்காகக் காப்பாற்றப்படும் வண்டிக்குச் சுற்றுலாவுக்கேற்ற நேரம் குறிக்கப்படுகிறது. ஆனால் விளைவு ஒன்றே: மூடுவதை எதிர்த்து வண்டியை மீட்டவர்களுக்கு அது பயன்படாத நேரத்தில் ஓடுகிறது. அதை மீட்கும் பாடு படாதவர்களுக்கு மிகப் பொருத்தமான நேரத்தில் ஓடுகிறது.

பழைய ரயிலை விரும்புவோர்மேல் இதனால் குற்றமில்லை. எஞ்சினின் வரிசை எண்ணைக் குறித்துக்கொள்வதும், தண்டவாளத்தில் பொறித்த ஆலைப் பெயரைத் தேடிப் படிப்பதும், மறையும் ஒன்றை மறைவதற்குள் பதிவு செய்வதும் மதிக்கத்தக்க உழைப்பு. இந்தியக் குறும்பாதைகள் பலவற்றின் நினைவு அவர்களின் படங்களில்தான் எஞ்சியுள்ளது. ஆயினும் ஒரு ரயிலின் மரபு என்பது எஞ்சினும் பெட்டியும் மட்டும் அல்ல. அதில் யார் ஏறினார்கள், எந்த நேரத்தில், எந்த மூட்டையோடு, எதற்காக என்பதும் அதன் மரபே. 762 மி.மீ. அகலத்தைக் காத்துப் பயணிகளை இழந்தால் எஞ்சுவது ஓடும் அருங்காட்சியகம்.

ரயில்வே ஊழியர்கள் நன்கறிந்த நடைமுறை உண்மை ஒன்று உள்ளது. ஒரு கிளைப் பாதை வண்டி இரவில் எந்த ஊரில் நிறுத்தப்படுகிறதோ, அந்த ஊர் மக்களுக்கே மறுநாள் காலை அது பயன்படும். இந்த அட்டவணைப்படி வண்டி இரவில் பிலிமோராவில் நிற்கிறது. அதை வகாயில் நிறுத்தி, விடியற்காலையில் சமவெளிக்கு ஓட்டி, மாலையில் மலைக்குத் திருப்பினால், புதிய தண்டவாளமோ புதிய எஞ்சினோ தேவைப்படாது. தேக்கை இறக்குவதற்காகப் போடப்பட்ட பாதை, அக்காட்டு மக்களை ஒரே நாளில் இறக்கி ஏற்றும் பாதையாகவும் ஆகும். முற்பகல் வண்டியில் போக விரும்பும் ஆர்வலருக்காக முன்பிருந்தது போல் இரண்டாம் வண்டி ஒன்றையும் விடலாம். பெட்டியில் இடம் போதவில்லை என்றால், அவர் மூட்டைகளுக்கிடையே நின்றுகொண்டே போகலாம். பழைய ரயில் பயணம் என்பது அப்படித்தான் இருந்தது.